ஒரே தூரம், ஏன் இத்தனை நேரங்கள்?

கேள்வி இது: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர், பறக்க ஏழு மணி நேரம் ஆகும் என்று தூரக் கணிப்பான்கள் சொல்கின்றன. டிக்கெட்டிலோ போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு மணி நேரம் என்று அச்சாகியிருக்கிறது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு விமானி ஒலிபெருக்கியில் அறிவிக்கும் நேரம் இரண்டோடும் ஒட்டவில்லை. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள், அவ்வளவுதான். கணிப்பான் காற்றே வீசாத ஓர் உலகத்தைக் கணக்கிடுகிறது. டிக்கெட் ஒரு பருவம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்த வாக்கு. விமானி அன்றைய வானத்தைப் பார்த்துச் சொல்கிறார். தூரம் என்பது அந்த இரண்டு நகரங்களுக்கே உரியது. கண்டம் நகர்ந்தால்தான் மாறும். (அட்லாண்டிக் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காகப் புதிய அட்டவணை தேவையில்லை.) பறக்கும் நேரம் நகரங்களுக்கு உரியதல்ல. எந்தத் திசையில், எந்த மாதத்தில், எந்த விமானத்தில், யாருடைய வான்வெளி வழியாக என்று கேட்காமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். அது எளிது. உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் படியும் கோடுதான் மிகக் குறுகிய வழி. கணிதத்தில் இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பாதை வளைந்து சுற்றிப் போவது போலத் தோன்றும். குற்றம் பாதையில் இல்லை. மெர்காட்டர் 1569இல் மாலுமிகளுக்காக உருவாக்கிய வரைபட முறை துருவங்களை நோக்கிப் போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்குகூட நிறையாத கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாக நிற்பது அதனால்தான்.

பெய்ஜிங்கையும் நியூயார்க்கையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே ஏறக்குறைய 40 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. அப்படியானால் அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே நேர் கிழக்காகப் போனால் போதாதா? போகலாம், ஆனால் 14,400 கிலோமீட்டர் ஆகும். நூல் காட்டும் வழியோ வட துருவத்துக்கு 700 கிலோமீட்டர் அருகே வரை ஏறி மறுபக்கம் இறங்குகிறது; நீளம் சுமார் 11,000 கிலோமீட்டர். 3,400 கிலோமீட்டர் மிச்சம். நான்கு மணி நேரப் பறப்பு!

கணிப்பான்களுக்குள் சில கிலோமீட்டர் வேறுபடுவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பெரும்பாலானவை பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சரியான கோளமாக வைத்துக் கணக்கிடுகின்றன. உண்மையில் பூமி இடுப்பில் சற்றுப் பருத்தது. நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். இதையும் சேர்த்துக் கணக்கிட 1975இல் வின்சென்டி வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது. கோளக் கணக்கில் வரும் பிழை அதிகபட்சம் 0.5 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். 5,540 கிலோமீட்டரில் அது இரண்டு நிமிடப் பறப்புகூட ஆகாது. அதைவிட, நகர மையத்திலிருந்து அளந்தார்களா, விமான நிலையத்திலிருந்தா என்பதுதான் அதிக வேறுபாட்டைத் தரும். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும்: மைல். தரை மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமான உலகம் முழுவதும் கடல் மைலில்தான் பேசுகிறது. அட்சரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்குதான் அதன் பிறப்பிடம் என்பதால் வரைபடத்தில் அளக்கச் சௌகரியம். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு 15 சதவீதம் பிசகும். லண்டன்–நியூயார்க் 3,442 தரை மைல், 2,991 கடல் மைல். இரண்டையும் வெறும் ‘மைல்’ என்று எழுதுபவர்கள் இருக்கும்வரை குழப்பம் தீராது.

நூல் காட்டும் பாதையில் விமானம் அப்படியே போகிறதா? பெரும்பாலும் அதை ஒட்டிப் போகிறது. அச்சு அசலாக அதில் போவது அரிது.

காரணங்களில் முதலாவது அரசியல். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குக் குறுகிய வழி ரஷ்யாவின் மேல் செல்கிறது; சுமார் 7,800 கிலோமீட்டர், ஒன்பது ஒன்பதரை மணி நேரம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. இப்போது ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தின் விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போகின்றன. பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு நகரங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. கணிப்பானைக் கேட்டால் இன்றும் அதே 7,800தான் சொல்லும். வேடிக்கை என்னவென்றால் அதே நிறுவனம் 1983இலும், சோவியத் வான்வெளிக்குள் நுழைய முடியாமல், கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்திய டிசி-10 விமானத்தில் வட துருவம் வழியாகத்தான் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. நாற்பது ஆண்டு கழித்துப் பழைய வழிக்கே திரும்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது, மலை. திபெத் பீடபூமியின் மேல் பயணிகள் விமானங்கள் குறைவாகவே பறக்கின்றன. எவரெஸ்ட்டில் மோதிவிடும் என்ற பயமல்ல. விமானம் அதற்கு மேலேயே பறக்கிறது. பயணிகள் அறையின் காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால் விமானி 10,000 அடிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் முகமூடிகளில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலும் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். பீடபூமியோ சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 15,000 அடி உயரத்தில் கிடக்கிறது. இறங்க வேண்டிய உயரத்தில் தரையே இருக்கிறது. அதனால் சுற்றிப் போகிறார்கள்.

மூன்றாவது, இன்ஜின். இரட்டை இன்ஜின் விமானம், ஓர் இன்ஜின் செயலிழந்தாலும் மற்றதைக் கொண்டு இறங்கக்கூடிய ஒரு விமான நிலையத்திலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் இருந்தாக வேண்டும். 1953இல் அமெரிக்கா வைத்த வரம்பு 60 நிமிடம். 1985இல் அது 120 ஆக நீண்டது. அதன் பிறகுதான் அட்லாண்டிக்கை இரட்டை இன்ஜின் விமானங்கள் நேராகக் கடக்கத் தொடங்கின. இன்று ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. சிட்னி–சாண்டியாகோ போன்ற வழிகளில்தான் இதன் அருமை தெரியும். அந்த 11,340 கிலோமீட்டர் பெருவட்டம் 60 டிகிரி தெற்கையும் தாண்டி, பனிப்பாறைகள் மிதக்கும் கடலின் மேல் போகிறது. அங்கே அவசரத்துக்கு இறங்க ஒரு புல்வெளிகூட இல்லை.

இனி வேகம். பெரிய ஜெட் விமானங்களின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு மாக் எண்ணாகச் சொல்வார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டும் மாக் 0.85இல் பறக்கின்றன. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 11 கிலோமீட்டர் உயரத்தில், சுழியத்துக்குக் கீழே 56 டிகிரிக் குளிரில், அது மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதில் 0.85 பங்கு என்றால் 900 கிலோமீட்டர். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகையறா மாக் 0.78ஐ ஒட்டி, மணிக்கு 830 கிலோமீட்டர். விசிறி வைத்த ஏடிஆர் 72 என்றால் 500. இதைவிட வேகமாகப் போனால் என்ன என்று கேட்கலாம். ஒலி வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு செங்குத்தாக ஏறும். எரிபொருள் செலவும் கூடவே ஏறும். ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் அந்தச் செலவைச் செய்து பார்த்தது. 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் பறந்தது. 2003இல் ஓய்வு பெற்றுவிட்டது.

இப்போது விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன்: காற்று. மேலே சொன்ன 900 கிலோமீட்டர் விமானத்தைச் சூழ்ந்த காற்றோடு ஒப்பிட்டுச் சொன்ன வேகம். தரையோடு ஒப்பிட்டல்ல. ஆற்றில் படகு போவதை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு ஒன்றுதான், கை ஒன்றுதான். நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். படகோட்டி இரண்டு முறையும் ஒரே அளவுதான் வியர்க்கிறான்.

விமானம் பறக்கும் உயரத்தில், வடக்கிலும் தெற்கிலும் நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வான் ஆறு ஓடுகிறது. அதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு அதை உண்டாக்குகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கு நோக்கித் திருப்புகிறது. குளிர்காலத்தில் வேறுபாடு அதிகம், எனவே காற்றும் பலம். ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓயிஷி 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று நினைத்து முடிவுகளை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். விளைவு, உலகத்தில் அநேகமாக யாருமே படிக்கவில்லை. 1944இன் இறுதியில் ஜப்பானின் மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள், யாரும் எச்சரிக்காத ஒரு காற்றில் சிக்கித் தடுமாறின.

இந்த ஆற்றின் பலம் எவ்வளவு என்று பார்க்க 2020 பிப்ரவரி 8 இரவை எடுத்துக்கொள்ளலாம். கியாரா புயலின் காற்றில் ஏறிக்கொண்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. ஒரு கட்டத்தில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டது என்று சிலர் எழுதினார்கள்; தவறு. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தைக் காற்று சுமந்தது.

இங்கே ஒரு சந்தேகத்தை அடிக்கடி கேட்டிருக்கிறேன். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர்தானே ஓடிவர வேண்டும், ஏன் தாமதம்? நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வது உண்மை. ஆனால் காற்றும் விமான நிலையமும் புறப்படும் முன் ஓடுபாதையில் நிற்கும் விமானமும் கூடவே சுழல்கின்றன. ஓடும் ரயிலுக்குள் பந்தை மேலே எறிந்தால் அது உங்கள் கைக்கே திரும்பும், பின்னிருக்கைக்காரரின் மடியில் விழாது. பூமியின் சுழற்சி பயண நேரத்தைப் பாதிப்பது ஜெட் ஸ்ட்ரீமைத் திருப்பிவிடும் அந்த ஒரு வழியில்தான்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும், கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 5,000 கிலோமீட்டர் வழி, விமானத்தின் வேகம் 900 என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாவிட்டால் போய்வர 11 மணி 7 நிமிடம். மணிக்கு 200 கிலோமீட்டர் காற்று வீசினால் உதவியோடு 4 மணி 33 நிமிடம், எதிர்த்து 7 மணி 9 நிமிடம். மொத்தம் சுமார் 11 மணி 41 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் தங்கியிருக்கிறோம், அதனால் அதனிடம் அதிகமாகவே இழக்கிறோம். காற்று வட்டியில்லாமல் கடன் கொடுப்பதில்லை.

அட்லாண்டிக்கின் மேல் இந்தப் பேரம் தினமும் நடக்கிறது. அயர்லாந்து–ஸ்காட்லாந்துப் பக்கமும் கனடாவின் கேண்டரிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் அன்றைய காற்றைப் பார்த்துக் கடல் மேல் இணையான பாதைகளை வரைந்து வெளியிடுகின்றன. பகலில் மேற்கே போக ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வர ஒரு தொகுதி. கிழக்கே வருபவை காற்றின் மேல் ஏறிக்கொள்ளும். மேற்கே போகும் விமானங்கள் அதைத் தவிர்க்கப் பெருவட்டத்தை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே விலகவும் தயங்குவதில்லை. தரையில் நீளமான பாதை காற்றில் குறுகியதாக இருக்கலாம். விமானத் திட்டமிடலில் ‘தரைத் தூரம்’, ‘காற்றுத் தூரம்’ என்று இரண்டைத் தனித்தனியாக எழுதுவது இதனால்தான்.

வடக்கு–தெற்குப் பயணங்களில் இந்தத் தொல்லை குறைவு. லண்டன்–ஜோகன்னஸ்பர்க் 9,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போனாலும் வந்தாலும் ஏறக்குறைய 11 மணி நேரம்தான்.

குறுகிய பயணங்களில் காற்றைவிட ஏற்ற இறக்கமே முக்கியம். பயண உயரத்தை எட்ட 20, 25 நிமிடம். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு, அதாவது 463 கிலோமீட்டருக்கு, மேல் போகக் கூடாது என்ற விதி. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 36,000 அடியிலிருந்து என்றால் 200 கிலோமீட்டருக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும். 400 கிலோமீட்டர் பயணத்தில் ஏறி முடித்த கையோடு இறங்க வேண்டியதுதான். இதன் உச்சம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது: வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர், அட்டவணைப்படி இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்தால் ஒரு நிமிடத்துக்குள்ளும் முடிந்திருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து கணக்கிட ஒரு வழி சொல்கிறேன். கிலோமீட்டரை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் சேருங்கள். அது காற்றில்லாத பறப்பு நேரம். கிழக்கு–மேற்குப் பயணம், நடு அட்சரேகை என்றால், கிழக்கே மணிக்கு ஐந்து நிமிடம் கழியுங்கள், மேற்கே ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கடைசியாக, தரையில் ஊர்வதற்கு அரை மணி. லண்டன்–நியூயார்க்குக்குப் போட்டுப் பார்ப்போம்: 5,540ஐ 850ஆல் வகுத்தால் ஆறரை மணி, அரை மணி சேர்த்து ஏழு. மேற்கே 35 நிமிடம் கூட்டி, தரை நேரமும் சேர்த்தால் எட்டு மணியைத் தொடுகிறது. கிழக்கே அதே கணக்கு ஏழு மணிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கேள்வியில் இருந்த டிக்கெட் நேரங்கள் இவைதாம். சிங்கப்பூர்–நியூயார்க்கின் 15,340 கிலோமீட்டருக்கும் இதே கணக்கு பறப்பு நேரமாகப் பதினெட்டரை மணி என்கிறது. உலகின் மிக நீண்ட சேவைகளில் ஒன்றான அது உண்மையிலும் அதை ஒட்டியே பறக்கிறது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். விமானம் வாயிலை விட்டு நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுமுனையில் வாயிலில் நிற்கும் கணம் வரை உள்ளது அது; துறையில் பிளாக் நேரம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, லண்டனின் ஹீத்ரோ போன்ற விமான நிலையங்களில் இறங்க இடமில்லாமல் வட்டமடிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். இவற்றுக்கு மேல் நிறுவனங்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் பஞ்சும் வைத்துத் தைக்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் 15 நிமிடத்துக்குள் தாமதமானால் அது தாமதமே இல்லை. அட்டவணையையும் பத்து நிமிடம் நீட்டி எழுதிவிட்டால் நேரம் தவறாத நிறுவனம் என்ற பெயர் மலிவாகவே கிடைத்துவிடும். ‘இருபது நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்’ என்ற பெருமிதமான அறிவிப்பைக் கேட்டால் நான் கைதட்டுவதில்லை.

கடைசியாகக் கடிகாரம். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சாகும் என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் கிடைக்காது. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். குளிர்காலத்தில் லண்டனில் இரவு 10 மணிக்குக் கிளம்பி மறுநாள் மாலை 7 மணிக்குச் சிங்கப்பூர் சேருகிறீர்கள். பார்த்தால் 21 மணி நேரம். சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முந்தியது, எனவே பயணம் 13 மணி. கோடையில் லண்டன் தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடும், அப்போது வேறுபாடு ஏழு. கான்கார்ட் பறந்த காலத்தில் அது லண்டனிலிருந்து கிளம்பி, கிளம்பிய நேரத்துக்கு முந்தைய உள்ளூர் நேரத்தில் நியூயார்க்கில் இறங்கும்.

பசிபிக்கின் நடுவே நாள் மாறும் எல்லையான தேதிக் கோட்டைக் கடக்கும் பயணங்களில் தேதியையும் சேர்த்தே பாருங்கள். சமோவாவின் அபியாவுக்கும் அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவுக்கும் நடுவே 130 கிலோமீட்டர்தான் இருக்கும். சிறு விமானத்தில் அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். 2011 டிசம்பரில் சமோவா 30ஆம் தேதியை அப்படியே தாண்டிக் குதித்து தேதிக் கோட்டின் மறுபக்கம் போய்விட்டது. இப்போது இரண்டு தீவுகளின் கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்டும், நாள்காட்டிகள் மட்டும் ஒரு நாள் விலகி நிற்கும். அபியாவில் செவ்வாய் காலை கிளம்புபவர் பாகோ பாகோவில் திங்கள் காலை இறங்குவார். அங்கே தங்கும் அறையைச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பதிவு செய்திருந்தால் முதல் இரவுக்கு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டியிருக்கும்.